குளியலறையில் ஒரு ரெடோக்ஸ்

எஸ்.பி.எம். வேதியியலை நான் எப்படித் தேறினேன் என்று மட்டும் கேட்காதீர்கள். பெனியூட்ராலான், பெமெண்டாக்கான் என்று வினை வகைகளை எல்லாம் பாட்டு மெட்டில் போட்டு மனப்பாடம் செய்தவள் நான். வானொலிக்குத்தான் போவேன் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்!

போன தீபாவளிக்கு முந்தின வாரம். அம்மா குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தார். தரைக்கு பிளீச் ஊற்றித் தேய்த்தும் கறை போகவில்லை. தண்ணீர் விட்டு அலசாமல், அதன் மேலேயே கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஊற்றிவிட்டார். இரண்டும் சேர்ந்தால் இரண்டு மடங்கு வெள்ளை என்பது அவர் கணக்கு.

முதலில் நீச்சல்குள வாசம் வந்தது. அப்புறம் அம்மாவின் இருமல். நான் எழுவதற்குள், ஐந்தாம் படிவம் படிக்கும் அக்கா மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, பாட்டியை வாசலுக்கே இழுத்து வந்துவிட்டாள். நான் செய்தது என்ன தெரியுமா? தரையை அலசிவிடலாம் என்று உள்ளே போகப் பார்த்தேன். "சித்தி, போகாதீங்க!" என்று அவள் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

கிளினிக்கில் அம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் கேட்டேன்: "பிளீச் காரம்தானே? அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும்தானே வரும்?" எனக்கு ஞாபகம் இருந்த ஒரே வரி அதுதான்.

"அது மட்டும் நடந்தால் பரவாயில்லை சித்தி. இது ரெடோக்ஸ்" என்றாள். பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைபோகுளோரைட். அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக். பிளீச்சில் உள்ள குளோரின் எலெக்ட்ரானைப் பெறுகிறது, ஆசிட்டில் உள்ள குளோரைடு எலெக்ட்ரானை இழக்கிறது. இரண்டும் சேர்ந்து குளோரின் வாயுவாகக் கிளம்புகின்றன. உப்பும் நீரும் வரத்தான் செய்யும், ஆனால் கூடவே இதுவும் வருமாம்.

வீட்டுக்கு வந்து நானும் கொஞ்சம் படித்தேன். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்கு இருப்பதும் அங்கேதான். நுரையீரலின் ஈரத்தில் பட்டால் அங்கேயே அமிலமாகிவிடும். 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். நம் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்வதும் இதே குளோரின்தான், அளவோடு. இதையெல்லாம் யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு மெட்டே தேவைப்பட்டிருக்காது.

அம்மா அன்று மாலையே வீடு திரும்பிவிட்டார். தொண்டைக் கமறல் மட்டும் நான்கு நாள் இருந்தது. பேத்தி இரண்டு போத்தலிலும் மார்க்கரால் 'சேர்க்காதே' என்று தமிழில் எழுதி, ஒன்றைச் சமையலறைக்கும் மற்றொன்றைப் பின்கட்டுக்கும் அனுப்பிவிட்டாள்.

"சரி, ஆசிட் வேண்டாம். பிளீச்சோடு கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழியலாம்தானே?" என்றார் அம்மா.

"பாட்டி! அதுவும் ஆசிட்தான். வினிகரும்கூட!"