தெருவில் மரம் விழுந்தால் யார் பொறுப்பு? மும்பையின் மரக் கணக்கு சொல்வது என்ன?

மழைக்காலம் வந்துவிட்டால் மும்பை மாநகராட்சியிடமிருந்து தினமும் ஒரு கணக்கு வரும். எவ்வளவு மழை பெய்தது, எத்தனை இடத்தில் ஷார்ட் சர்க்யூட், எத்தனை சுவர் இடிந்தது, எத்தனை மரமும் கிளையும் விழுந்தன என்று. செய்தியில் அது வெறும் எண். அந்த மரம் உங்கள் தெருவில் கிடந்தால் கதையே வேறு. பால் வண்டி உள்ளே வராது, பைக் அடியில் மாட்டியிருக்கும், அக்கம்பக்கத்தார் குடையோடு நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: இதை யார் எடுக்கணும்?

அதற்குப் பதில் சுலபம். மும்பையில் 1916க்கு போன் செய்தால் தீயணைப்புத் துறையோ மாநகராட்சித் தோட்டத் துறையோ ஆள் அனுப்பும். சிக்கலான கேள்வி வேறொன்று: விழுந்தது யாருடைய மரம்?

தெருவில் கிடக்கிறது, அப்போ தெரு மரம்தானே என்று நினைப்போம். 2018இல் வெளியான மாநகராட்சியின் மரக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மும்பையில் இருப்பவை 29,75,283 மரங்கள். அதில் சாலையோர மரங்கள் 1,85,333 மட்டுமே. தனியார் வளாகங்களுக்குள், அதாவது குடியிருப்பு சொசைட்டி, பங்களா போன்ற இடங்களில், 15,63,701. நூறு மரத்துக்கு 53 காம்பவுண்டுக்குள் நிற்கிறது, சாலையோரத்தில் 6தான். மீதி அரசு வளாகங்களிலும் பூங்காக்களிலும்.

இதை வைத்து, விழும் மரங்களிலும் இதே விகிதம் என்று சொல்லிவிட முடியாது. சாலையோர மரத்துக்கு ஆபத்து அதிகம். கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டும்போது வேர் அறுபடும், அடிமரம் வரை சிமென்ட் பூசிவிடுவார்கள். (மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுங்கள் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013இலேயே உத்தரவிட்டது. பல ஊர்களில் நடைபாதை போடுபவர்கள் இன்னும் அப்படியேதான் பூசுகிறார்கள்.) ஆனாலும் ஒன்று நிச்சயம். தெருவுக்கு ஆபத்தாக நிற்கும் மரம் பக்கத்துக் கட்டிடத்துடையதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. சாலையோர மரத்தைக் கழிப்பது மாநகராட்சியின் வேலை. சொசைட்டிக்குள் நிற்கும் மரத்துக்கு சொசைட்டியே மனு போட வேண்டும், செலவும் அவர்களுடையது. மகாராஷ்டிரத்தின் 1975ஆம் ஆண்டு நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதி வாங்காமல் வெட்டினால் குற்றம். செலவு என்றதும் கூட்டத்தில் ஒருவர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார், இன்னொருவர் என் ஜன்னலுக்கு அதுதான் நிழல் என்பார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கிளை சாய்ந்திருப்பது சுவருக்கு வெளியே. கீழே நடப்பவருக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டு கிடையாது.

அதற்காக எல்லாப் பழியையும் சொசைட்டி மேல் போடவும் முடியாது. 2017 ஜூலையில் செம்பூரில் காலை நடை போன ஒரு பெண் மேல் தென்னை மரம் சாய்ந்து அவர் உயிரிழந்தார். சிசிடிவி காட்சி நாடு முழுக்கப் பரவியது. அந்தத் தென்னையை வெட்ட முன்பே விண்ணப்பம் போயிருந்தது, மாநகராட்சி அனுமதி தரவில்லை என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. அனுமதி முறையே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அது இல்லாவிட்டால் பார்க்கிங்குக்காகவே பாதி மரம் போய்விடும். 'வேண்டாம்' என்று எழுதுகிற அதிகாரி எதைப் பரிசோதித்து எழுதினார் என்பதும் பதிவாக வேண்டும், அவ்வளவுதான்.

டெல்லி சட்டம் (1994) ஒரு வழி வைத்திருக்கிறது. உயிருக்கோ உடைமைக்கோ போக்குவரத்துக்கோ பெரிய ஆபத்து என்றால், நிலத்தின் உரிமையாளர் உடனே மரத்தை வெட்டலாம். 24 மணி நேரத்துக்குள் மர அதிகாரிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

சரி, மரம் விழுந்தே விட்டது. 2021 மே 17 அன்று டவ்தே புயல் மும்பையை ஒட்டிக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டியது. அந்த மாதிரி நாளில் ஊர் முழுக்க மரம் விழும், ஆள் வரத் தாமதமாகும். தெருக்காரர்களே கத்தியை எடுப்பது அப்போதுதான். முதலில் கிளைகளுக்குள் கம்பி இருக்கிறதா பாருங்கள். கேபிள் டிவி ஒயர்தான் என்று பார்வையை வைத்து முடிவு செய்யாதீர்கள், மின்வாரியமோ மின் நிறுவனமோ இணைப்பைத் துண்டித்தோம் என்று சொல்லும்வரை பக்கத்தில் போக வேண்டாம். பெரும்பாலான மாநிலங்களில் மின் புகாருக்கு 1912. தேங்கிய தண்ணீரிலும் மின்சாரம் பாயும்.

சின்னக் கிளைகளை ஒதுக்கி ஆள் நடக்க வழி விடலாம். அடிமரத்தில் கை வைக்காதீர்கள். வேரோடு சாய்ந்த மரத்தை நடுவில் அறுத்தால், பாரம் குறைந்த வேர்ப்பகுதி சட்டென்று நிமிர்ந்து பழைய குழிக்கே திரும்பும். அந்தக் குழிக்குள் நின்று குழந்தைகள் வேடிக்கை பார்ப்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

வண்டி அடியில் சிக்கியிருந்தால் மரத்தை நகர்த்துவதற்கு முன்பே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்றால் இன்சூரன்ஸ் பணம் கேட்கலாம். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் உங்கள் வண்டிக்கு எதுவும் கிடைக்காது.

இன்னும் விழாத மரம் என்றால், பக்கத்து சொசைட்டிச் செயலாளரிடம் வாயால் சொன்னது போதாது. வார்டு அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நாளை ஏதாவது நடந்தால், யாருக்கு எப்போது தெரியும் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.