காய்ச்சல் இல்லாத இருமல்

போன மார்கழியில் என் அக்காவுக்கு இருமல். வயது 78. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்று கேட்டால் வேறொன்று பதில் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். வாசலில் நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டிப் பார்த்த பெண், "பாட்டிக்குக் காய்ச்சல் இல்ல தாத்தா, அந்தப் பக்கம் உட்காருங்க" என்றாள். இருமல் மருந்தோடு வீடு திரும்பினோம். மறுநாள் ராத்திரி மூச்சு வாங்கியது. வேறோர் இடத்தில் ஆக்சிஜன் வைத்து, மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தபோது இன்ஃப்ளூயன்சா என்று வந்தது.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். சுகாதார ஆய்வாளராக இருந்தபோது நானும் அதே கேள்வியைத்தான் ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேன்.

கேள்விக்கு மூலம் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 38 டிகிரி செல்சியஸ், அதாவது பாரன்ஹீட்டில் 100.4, அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி 10 நாளுக்குள் இருக்க வேண்டும். இது 'ஐ.எல்.ஐ.', ஃப்ளூ போன்ற நோய். காய்ச்சலும் இருமலுமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனால் 'சாரி'. (மன்னிப்புக் கேட்கிறார்களோ என்று முதலில் நினைத்தேன்.)

இருமுகிற எல்லோருக்கும் பரிசோதனை செய்ய எந்த அரசாங்கத்தாலும் முடியாது. அதனால் அறிகுறியை வைத்து எண்ணுகிறார்கள். அதில் சிலருக்கு மட்டும் மாதிரி எடுத்து எந்த வைரஸ் என்று பார்க்கிறார்கள். படி கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் வாரா வாரம் அதே படியால் அளந்தால், கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும். இந்த முறையை நான் இன்றும் மதிக்கிறேன்.

என் சண்டை வேறு. எங்களைப் போன்ற கிழங்கள் அந்தப் படிக்குள் விழுவதே இல்லை. வயதான உடம்புக்கு, உள்ளே கிருமி இருந்தாலும் பல சமயம் சூடு ஏறுவதில்லை. ஏறினாலும் கிளம்பும் முன்பே ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டுதானே போகிறோம்? 2020-இல் கடைக்குக் கடை நெற்றிச் சூடு பார்த்தார்கள். கொரோனா வந்த பலருக்குக் காய்ச்சலே இல்லை. கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் அதிகம் வாட்டும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸைக் கண்காணிக்கும்போது, காய்ச்சல் கட்டாயமில்லை என்று அதே உலக சுகாதார நிறுவனமே தளர்த்திவிட்டது.

இன்னொரு வேடிக்கை. 2004-இல் தொடங்கிய நம் நாட்டு நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், துணை சுகாதார நிலையத்தில் இருந்து வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த 'எஸ்' படிவம் ஒன்று இருந்தது. அதில் 'இருமல், காய்ச்சலுடன் அல்லது காய்ச்சல் இல்லாமல்' என்றே போட்டிருந்தது. கிராமத்துச் செவிலியர் கையில் இருந்த காகிதத்துக்கு இருந்த விவேகம், மேலே போகப் போகக் குறைந்துவிட்டது.

காய்ச்சலை எடுத்துவிட்டால் பீடி இருமல், ஆஸ்துமா இருமல் எல்லாம் கணக்கில் ஏறிவிடும் என்பார்கள். உண்மைதான். அதனால் பழைய வரையறையைத் தொட வேண்டாம். 60 தாண்டியவர்களுக்கு மட்டும் பக்கத்தில் தனியாக ஒரு கட்டம் போடுங்கள்: 10 நாளுக்குள் புதிதாக வந்த, அல்லது திடீரென்று கூடிய இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவர்களிலும் சிலருக்கு மாதிரி எடுங்கள். சில வருஷம் எண்ணிப் பார்த்தால், எத்தனை பேரைத் தவறவிட்டோம் என்பது வெளியே வரும்.

கட்டம் வரும்வரை, என் வயது நண்பர்களே, வாசலில் "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டால் வெறுமனே "இல்லை" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். எத்தனை நாளாக இருமல், மூச்சு எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, பேச்சில் தடுமாற்றம் உண்டா, எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லுங்கள். அன்று நான் சொல்லவில்லை. அக்கா பிழைத்து வந்துவிட்டாள். ஆனால் இன்னும் மாடிப்படி ஏற முடியவில்லை.