எம்.பி.எஸ்ஸுக்கு மாலை போட்டது போதும்... பாடுங்கப்பா!

காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் மின்சார ரயிலில் போனவர்களுக்கு இது தெரியும். பொன்னேரி தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு பெட்டியில் கானா ஆரம்பித்துவிடும். ஒருத்தன் எடுத்துக் கொடுப்பான், இருபது பேர் வாங்கிப் பாடுவார்கள். பெட்டியின் தகரச் சுவர்தான் தபேலா, டிரம்ஸ் எல்லாம். திருவள்ளூர் லைனிலும் இதே கதைதான். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி வழிகிறவர் முறைப்பார். "ரவுடிப் பசங்க" என்று ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிடுவார்.

அந்தப் பசங்களை வேறு மாதிரி பார்த்திருக்கக்கூடிய ஒரு மனிதர் சென்னையில் இருந்தார். பெயர் எம்.பி.சீனிவாசன். 1925-ல் பிறந்தவர், 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். 2025-ல் அவருக்கு நூறு வயது நிறைந்தது.

யார் அவர் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "யேசுதாஸுக்கு 1961-ல் முதல் சினிமா பாட்டு கொடுத்தவர்." கொஞ்சம் படம் பார்க்கிறவர்கள், ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை'யில் (1977) பேராசிரியராக நடித்தவர் என்பார்கள். பழைய ஆட்கள் 'பாதை தெரியுது பார்' (1960) என்பார்கள். எல்லாமே உண்மை. ஆனால் அவர் செய்த பெரிய வேலை இதில் எதிலுமே இல்லை!

1970-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கியது சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு. பாட வந்தவர்கள் சினிமா பின்னணிப் பாடகர்கள் இல்லை. படிப்பு, வேலை என்று வேறு வேறு இடத்திலிருந்து வந்தவர்கள். பாரதியின் பாட்டை எடுத்துக்கொண்டு, ஆண் குரல், பெண் குரல், மேல் சுருதி, கீழ் சுருதி என்று பிரித்து, ஒரே நேரத்தில் வேறு வேறு மெட்டு வரிகளைப் பாட வைத்தார். ஐம்பது பேர் ஒரே மெட்டைக் கத்துவது சேர்ந்திசை ஆகாது. பக்கத்தில் நிற்பவன் பாடுவதைக் காதில் வாங்காமல் இதைப் பாடவே முடியாது, பாடினால் மொத்தமும் கெட்டுவிடும். சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்க முன்நின்றவரும் இதே மனிதர்தான். இரண்டும் ஒரே கொள்கைதான் என்று புரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டியதில்லை.

இப்போது இங்கிலாந்தைப் பாருங்கள். ஜான் டேவனர் என்று ஒரு இசையமைப்பாளர், 2013 நவம்பரில் இறந்தார். சேர்ந்திசைக்கு எழுதியே பெயர் வாங்கியவர். 1997-ல் இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கில் பாடப்பட்டது அவருடைய இசைதான். இன்றைக்கும் கிறிஸ்துமஸ் வந்தால் ஊர் ஊராகப் பாடகர் குழுக்கள் அவர் எழுதியதைப் பாடுகின்றன. அங்கே டேவனரை நினைக்க சிலை வேண்டாம், பாட ஆள் இருக்கிறது. இங்கே எம்.பி.எஸ்ஸுக்கு வினாடி வினாவில் ஒரு மார்க் கேள்வி! கேட்கவே கேவலமாக இல்லையா?

உடனே ஒரு கூட்டம் கிளம்பி வரும். "கொயர் எல்லாம் சர்ச் சமாச்சாரம், நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்று. அப்படியா? மார்கழி பஜனை என்ன? நடவுப் பாட்டு என்ன? கும்மி என்ன? சேர்ந்து பாடுவது இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. குரல்களைப் பிரித்து அடுக்கும் முறையை மட்டும் அவர் வெளியிலிருந்து எடுத்துக்கொண்டார். வயலின் கூடத்தான் வெளியிலிருந்து வந்தது, அதை யாராவது திருப்பி அனுப்பினார்களா? :)

அடுத்தது காசு. காமர்ஸ் படிக்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கல்லூரி ஆண்டு விழாவுக்கு லைட் மியூசிக், ஸ்பீக்கர், லைட் என்று செலவு எகிறுகிறது. மேடையில் ஒருத்தர் பாடுகிறார், கீழே மொத்த காலேஜும் செல்போனில் படம் பிடிக்கிறது. சேர்ந்திசைக்கு முதலீடு என்ன? ஒரு காலி வகுப்பறை, வாரத்தில் இரண்டு மணி நேரம், சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். இதைவிட மலிவான கலை எது?

பணம் இல்லை என்பது பொய். "பாட்டு என்றால் கேட்பதற்கு, பாடுவதற்கு வேறு யாரோ இருக்கிறார்கள்" என்று எல்லோரும் நம்பிவிட்டதுதான் உண்மையான காரணம்.

நம்பாதவர்கள் அந்த ரயில் பெட்டியில் இருக்கிறார்கள். ஆனால் அங்கே பாட்டு எதற்குப் பயன்படுகிறது? பல நாள் எதிர் காலேஜைச் சீண்டத்தான். பாட்டில் ஆரம்பித்து 'ரூட்' சண்டையாகி, கல் பறந்து, கத்தி வரைக்கும் போய், பையன்கள் மேல் கேஸ் விழுந்த செய்திகள் எத்தனை? குரல் இருக்கிறது, தாளம் இருக்கிறது, இருபது பேர் ஒன்றாக நிற்கும் பழக்கமும் இருக்கிறது. பக்கத்துக் குரலைக் கேட்கும் பழக்கம் மட்டும்தான் இல்லை. எம்.பி.எஸ் சொல்லிக்கொடுத்தது அதைத்தானே?

எனவே படத்துக்கு மாலை போட்டு, "மாபெரும் மேதை" என்று பேசிவிட்டு, சமோசா சாப்பிட்டுக் கலைவது அஞ்சலி ஆகாது. எதிரெதிர் ரூட் பசங்க இருபது பேரை ஒரே அறையில் நிறுத்தி ஒரு பாரதி பாட்டைப் பிரித்துப் பாட வைக்க எந்தக் கல்லூரிக்குத் துணிச்சல் இருக்கிறது?

இருந்தால் சொல்லுங்கள். அந்த நைட் ஷிப்ட் அண்ணன்கூட முறைக்காமல் கேட்பார்.