ஒரு குருவானவர், பல பீடங்கள்

1877 மார்ச் 11ஆம் தேதி கல்கத்தாவில் இருவர் ஒரே நாளில் பேராயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்கள். ஒருவர் இடையன்குடி ராபர்ட் கால்டுவெல், மற்றவர் பாளையங்கோட்டை எட்வர்ட் சார்ஜெண்ட். இருவரும் சென்னைப் பேராயருக்குத் துணைப் பேராயர்கள். இருவருக்கும் பணிக்களம் திருநெல்வேலிதான். ஒரே ஜெபப் புத்தகம், ஒரே ஆங்கிலிக்கன் முறைமை. இருந்தும் கால்டுவெல் எஸ்.பி.ஜி. சபைகளுக்கு, சார்ஜெண்ட் சி.எம்.எஸ். சபைகளுக்கு. லண்டனில் மிஷனரிச் சங்கம் இரண்டு என்பதால் தாமிரபரணிச் சீமையில் பேராயர் இரண்டு! திருநெல்வேலி தனித் திருமண்டலமாக 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இரண்டு சங்கங்களும் அடித்துக்கொள்ளவில்லை. மரியாதையாக எல்லை பிரித்துக்கொண்டன. நாசரேத் எஸ்.பி.ஜி.க்கு, மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ்.க்கு. வேலி போட்டால் சண்டை குறையும் என்பது உண்மையே; ஆனால் வேலிக்கு இருபுறமும் இருக்கும் சபைகள் சேர்ந்து ஊழியம் செய்ய அது மட்டும் போதாது. பினாங்கின் பெருநிலப் பகுதியில், புக்கிட் தெங்காவைச் சுற்றி ஊழியம் செய்பவர்கள் இன்று இதை யோசிக்க வேண்டிய இடத்தில் நிற்கிறார்கள்.

யோசனைக்குத் தூண்டுதல் தொலைவிலிருந்து, வேல்ஸிலிருந்து வருகிறது. 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920-இல் அரசுப் பிணைப்பிலிருந்து விடுபட்ட வேல்ஸ் ஆங்கிலிக்கன் திருச்சபை, தன் நிலையை ஆராய மூவர் குழு ஒன்றை அமைத்தது. ஆக்ஸ்ஃபோர்டின் முன்னாள் பேராயர் ஹாரீஸ் பிரபு தலைமையில் அமைந்த அந்தக் குழு 2012-இல் அறிக்கை தந்தது. தனித்தனிப் பங்குகள் இனித் தாக்குப்பிடிக்காது, அண்டைச் சபைகளைச் சேர்த்துப் பெரிய ‘ஊழியப் பகுதி’களாக்க வேண்டும், குருக்களும் பொதுநிலையினரும் ஒரு குழுவாக அதை நடத்த வேண்டும் என்பது பரிந்துரை. எல்லையை எப்படி வகுப்பது? ஓர் இடைநிலைப் பள்ளிக்கு எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் போகிறார்களோ, ஏறக்குறைய அந்த வட்டத்தையே அளவாகக் கொள்ளச் சொன்னார்கள். மக்கள் ஏற்கெனவே நடக்கிற வழியைப் பார்த்துக் கோடு போடும் இந்த ஒன்றுக்காகவே அந்த அறிக்கையைப் பாராட்டலாம்.

அவர்களுடைய நெருக்கடி சாதாரணமானது அல்ல. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேல்ஸில் 46.5 விழுக்காட்டினர் தங்களுக்கு மதம் இல்லை என்றார்கள். கிறிஸ்தவர் என்றவர்கள் 43.6 விழுக்காடு. கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய பியூட்டவுனில் சோமாலியரும் ஏமனியரும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். வேறு ஊர்களில் ஒரே குருவானவர் வெல்ஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஆராதனை நடத்த வேண்டியிருக்கிறது. மக்கள் பலவிதம், ஆலயங்கள் அதிகம், குருக்கள் குறைவு.

திருநெல்வேலிக்காரருக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். இது நம்முடைய சேகரம் அல்லவா?

ஒரு சேகரத்துக்கு ஒரு குருவானவர். அவருக்குக் கீழே ஏழெட்டு ஊர்ச் சபைகள், சில இடங்களில் அதற்கும் மேல். ஒவ்வொரு ஊரிலும் ஓர் உபதேசியார். காலையும் மாலையும் மணியடித்து ஜெபம் நடத்துபவர் அவர். பல ஊர்களில் பள்ளிக்கூட வாத்தியாரும் அவரே. யார் வீட்டில் காய்ச்சல், யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். குருவானவர் முறைவைத்து வந்து திருவிருந்து கொடுத்துப் போவார். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசி ஊழியத்துக்குப் போகும். பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம் போட்டால் அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் பந்தியில் இருக்கும். அந்தப் பந்தியால் சாதி ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சேகரத்துக்குள் சாதி வகுத்த கோடுகள் இன்னும் எளிதில் அழியவில்லை.

மெஞ்ஞானபுரத்தில் 192 அடிக் கோபுரத்தோடு நிற்கும் தூய பவுல் ஆலயத்தை எழுப்பிய ஜான் தாமஸ் ஒரு வேல்ஸ்காரர். 1870-இல் இறக்கும் வரை அந்தத் தேரிக்காட்டில் சுற்றுவட்ட ஊர்களை ஒரு கட்டாகக் கட்டி மேய்த்தவர். அவருடைய சொந்த நாடு அந்தப் பாடத்தைப் படிக்க இன்னும் 140 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

சேகரம் ஓடியது குருவானவரின் குதிரையால் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஓடியது உபதேசியாரின் காலால். இன்று உலகெங்கும் சபைகளைச் சேர்த்துக் கட்டும் திட்டங்கள் தடுமாறும் இடம் இதுதான். ஐந்து ஆலயங்களை ஒரு குருவிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த ஐந்து ஊரிலும் தங்கியிருக்கும் ஆள் யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால், ஐந்து இடத்திலும் ஒரே நேரத்தில் இல்லாத ஒரு குருவானவர்தான் மிஞ்சுவார்.

மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த உபதேசியார் பழக்கத்தையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். பினாங்குத் தீவில் தூய ஜார்ஜ் ஆலயம் 1818-இல் கட்டி முடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு கல்கத்தாப் பேராயர் மிடில்டனால் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்த அந்த வெள்ளைத் தூண்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கானவை. தமிழ்ச் சபையின் வாழ்க்கை பெரும்பாலும் கடலுக்கு இக்கரையில், தோட்ட லயங்களில் நடந்தது. அங்கே வேதம் வாசிக்கத் தெரிந்த ஒரு கிராணியோ வாத்தியாரோ கூடுகையை நடத்தினால் அதுவே சபை.

அந்தத் தோட்டங்கள் பல இப்போது இல்லை. ஜூருவில் தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்து காவானில் தொழிற்பேட்டைகள். 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. புக்கிட் தெங்காவின் ஒரு பக்கம் பிறைத் தொழிற்சாலைகள், மறுபக்கம் புக்கிட் மெர்தாஜாம். தோட்டம் கலைந்தபோது மக்கள் தாமான்களுக்குச் சிதறினார்கள். உபதேசியாரின் வேலையைச் செய்துவந்த அந்த ஆளும் சிதறிப்போனார். 2020 கணக்கெடுப்பில் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் மக்கள்தொகை 9 லட்சத்தைத் தாண்டியது. தீவில் அது 8 லட்சத்தைக்கூட எட்டவில்லை. புகழ்பெற்ற பழைய ஆலயங்கள் அக்கரையில், மக்கள் அதிகம் இக்கரையில்.

இந்தச் சூழலில் அண்டைச் சபை எது என்பதையே புதிதாகப் பார்க்க வேண்டும். மலேசிய ஆங்கிலிக்கன் சபைகள் பலவற்றில் ஒரே கூரையின் கீழ் ஆங்கிலம், தமிழ், மாண்டரின், மலாய் என்று தனித்தனி ஆராதனைகள் நடக்கின்றன. புதிதாக ஆலயம் கட்ட அனுமதி வாங்குவது எளிதல்ல என்பதால் கடைவரிசை மாடிகளில் கூடும் சபைகளிலும் இதே நிலைதான். சரவாக்கிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த இபான் இளைஞர்கள் மலாய் ஆராதனைக்கு வருகிறார்கள். தமிழ்ச் சபைக்கு மிக அருகில் உள்ள அண்டைச் சபை மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இல்லை. பதினொரு மணிக்கு அதே நாற்காலிகளில் வந்து உட்காரப்போகிறது. படிக்கட்டில் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைப்பதோடு பல இடங்களில் உறவு முடிந்துவிடுகிறது. பக்கத்திலேயே புக்கிட் மெர்தாஜாம் தூய அன்னாள் கத்தோலிக்க ஆலயம் இருக்கிறது. ஜூலைத் திருவிழாவில் நான்கு மொழிகளிலும் பூசை, ஆனால் ஒரே பவனி. மொழிக்கொரு ஆராதனை வைத்துக்கொண்டே வேலையை ஒன்றாகச் செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேடிப் போக வேண்டாம்.

எந்த வேலை? இங்கேதான் ஊழியர்கள் கூட்டறிக்கைகளை விட்டுவிட்டு நாட்காட்டியை எடுக்க வேண்டும். செபராங் ஜெயா மருத்துவமனைக்கு மூன்று சபைகளின் ஊழியர்கள் ஒரே பிற்பகலில் போய், மற்ற நாட்களில் யாருமே போகாமல் இருப்பது நடக்கிற காரியம். ஒரு பொது முறைப்பட்டியல் போட்டால் தீரும். திருமணமும் அப்படித்தான். 1982 முதல் நடைமுறையில் உள்ள திருமணச் சட்டத்தின்படி, உதவிப் பதிவாளராக நியமனம் பெற்ற குருவானவர்தான் ஆலயத்திலேயே பதிவு செய்ய முடியும். சிறு சபைகளுக்கு அப்படி ஒருவர் இல்லாமல் போகலாம். அண்டைச் சபைக்காரர் கை கொடுத்தால் மணமக்கள் பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

கெடா எல்லை இன்னொரு சிக்கல். கூலிம் இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளிக்கூட நாள். எல்லைக்கு அப்பால் குடியேறிய குடும்பத்தின் பிள்ளை ஓய்வுநாள் பள்ளிக்கு எப்படி வரும்? வெள்ளிக்கிழமை காலையில் கூலிம் பக்கம் ஒரு பிள்ளைகள் வகுப்பு வைத்தால், தமிழ், ஆங்கில, மலாய்ச் சபைகளின் ஆசிரியர்கள் முறைவைத்து நடத்தலாம். ஒரு சபை தனியாக முயன்றால் இரண்டு மாதத்தில் ஆள் தீர்ந்துவிடும்.

குருக்களின் பயிற்சிக்கு இன்று பஞ்சமில்லை. பல சபைகள் கூடி 1979-இல் தொடங்கிய இறையியல் கல்லூரி இன்று செரம்பானில் இயங்குகிறது. கல்லூரி குருக்களை உருவாக்கும். தாமானுக்கு ஒருவராக, மாலை வேலை முடிந்து வந்து நான்கு வீடு எட்டிப்பார்க்கும் பொதுநிலை ஊழியரைச் சபைகளேதான் கண்டெடுக்க வேண்டும்.

அவருடைய பெட்ரோல் செலவும் கைப்பணமும் எந்தச் சபைக் கணக்கில் வரும் என்ற கேள்வியில்தான் பல நல்ல திட்டங்கள் ஆலயக் குழுக் கூட்டத்தோடு நின்றுபோகின்றன. தமிழ் ஆராதனைக் காணிக்கை தமிழுக்கு, ஆங்கில ஆராதனைக் காணிக்கை ஆங்கிலத்துக்கு என்று உறை தனித்தனியாக இருக்கும்வரை, லண்டன் சங்கங்கள் போட்ட எல்லை புக்கிட் தெங்காவில் உண்டியல் வடிவில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், எந்த மொழிச் சபைக்கும் சேராத ஒரு பொதுத் தலைப்பு வேண்டும். ஒரே ஒரு ஊழியருக்கு, ஓராண்டுக்கு என்று தொடங்கினால்கூடப் போதும். அதை முன்மொழிபவர் ஆங்கிலச் சபையின் பொருளாளராக இருந்தால் தீர்மானம் சீக்கிரம் நிறைவேறும்.