மலைச் சரிவுக்கு ஏற்ற பச்சைப் போர்வை

கல்லூரியின் யூபிலி நினைவாக நிலைத்து நிற்கத்தக்க பணி யாது என்னும் வினா எழுந்துள்ள இவ்வேளையில், வளவின் சரிவான பகுதிகளில் என்றும் மாறாப் பசுமையை விரித்து அழகு செய்தல் வேண்டும் என்னும் ஆலோசனை பழைய மாணவர் பலராலும் கூறப்பட்டு வருகின்றது. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் வாழும் அன்பர் சிலர், தாம் அங்கு நாள்தோறும் காணும் ஜூனிப்பர் என்னும் படர்செடியை இங்கும் நடலாகாதோ எனக் கேட்கின்றனர். கல்லூரியின்மீது அவர் கொண்ட அன்பினின்றும் பிறந்த யோசனை ஆதலின், அதனை எள்ளி நகையாடாது, ஆராய்ந்து விடை கூறுதல் எமது கடமையாகும்.

ஜூனிப்பர் ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது. அதன் இனங்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை. பெரும்பாலும் பூமியின் வடபாதியிலேயே வளர்வன. அவற்றுட் சில ஓங்கி வளராது நிலத்தோடு ஒட்டிப் படரும். வட அமெரிக்காவின் குளிர் நாடுகளில் இயல்பாக வளரும் ஓரினம் ஓரடி உயரத்துக்குள் அடங்கி, ஆறு எட்டு அடி அகலத்துக்கு விரிய வல்லது. யப்பானியக் கடற்கரை மணலிற் படரும் ஓரினமும் உண்டு. கல்லும் மணலுமான வறிய நிலத்திலும் இவை வளரும், வெயிலைத் தாங்கும், வேரூன்றியபின் அதிக நீரும் வேண்டா. செடிகள் தம்முள் நெருங்கி மூடிவிட்டால் களைகள் தலைதூக்க இடமிராது. இத்துணை நற்குணங்கள் உடைய செடியை மேனாட்டார் போற்றுவதில் வியப்பில்லை.

ஆயினும், அவர் அதனைப் போற்றுவதற்கான தலையாய காரணத்தை நாம் நோக்குதல் வேண்டும். அந்நாடுகளில் மாரிக்குளிர் வந்ததும் மரஞ்செடிகளிற் பெரும்பாலானவை இலையுதிர்ந்து வெறுங்கொம்பாகி நிற்கும்; புல்லும் கருகிவிடும். அவ்வேளையிலும் பச்சையாய் இருக்கும் செடி கண்ணுக்கு ஆறுதலாகின்றது. 'என்றும் பசுமை' என்னும் சொல்லுக்கு அங்கு விலை உண்டு. கண்டியிலோ, கைவிடப்பட்ட மதிலின் வெடிப்பிலுங்கூட ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பச்சை துளிர்த்து நிற்கின்றது. இங்கு நமக்குப் பசுமை குறைவன்று. மண்ணே குறைந்து வருகின்றது. ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி, எச்செடி என்றும் பச்சையாய் இருக்கும் என்பதன்று. எச்செடி மழையிலிருந்து மண்ணைக் காக்கும் என்பதே.

கண்டி மாநகர் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி கார்த்திகையில் இடியோடு கொட்டும் மழையும், வடகீழ்ப் பருவமழையும் இந்நகரை நனைப்பன. மஹய்யாவப் பகுதியிலே மேட்டிலும் பள்ளத்திலும் வீடுகள் நெருங்கி நிற்பதை யாவரும் அறிவர். ஒருவர் வீட்டின் முற்றம் மற்றொருவர் வீட்டுக் கூரைக்கு நேரே அமைந்த இடங்களும் உள. பெருமழைத் துளியொன்று வெறுந்தரையில் விழும்போது, மண்ணின் சிறு கட்டிகளை உடைத்துத் தூளாக்குகின்றது. அத்தூள் மண்ணின் நுண்துளைகளை அடைக்கின்றது. உட்செல்ல வழியற்ற நீர் மேலே ஓடி மண்ணையும் அள்ளிச் செல்கின்றது. உயர்ந்த மரங்கள் மட்டும் இதனைத் தடுத்துவிடா. மரத்தின் இலைகளிலிருந்து சொட்டும் நீரும் பல அடி உயரத்திலிருந்து விழும்போது மீண்டும் வேகம் பெற்றுவிடும். எனவே நிலத்தை ஒட்டியே ஒரு போர்வை வேண்டும் என்பது தெளிவு.

அப்போர்வையாக ஜூனிப்பர் அமையுமா? நீர் தேங்கும் மண்ணில் அதன் வேர் அழுகும். ஈரமும் வெப்பமும் ஒருங்கு நிலவும் காற்றில் அதன் நுனிகளைப் பூஞ்சண நோய் பற்றும். நிழலில் அது மெலிந்து உள்ளே காய்ந்துவிடும். முற்றிய வெறுங்கொம்பு வரை வெட்டினால் மீண்டும் துளிர்ப்பதரிது. அன்றியும், முதற் சில ஆண்டுகள் மெதுவாகவே வளரும். அக்காலத்தில் செடிக்குச் செடி நான்கைந்து அடி வெறுந்தரை மழைக்குத் திறந்து கிடக்கும். கண்டிச் சரிவின் மண்ணுக்கு அத்துணை காலம் பொறுத்திருக்கும் வலிமை இல்லை. நீர் விரைந்து வடியும் கற்பாத்தியிலோ சட்டியிலோ ஓரிரு செடிகளை விருப்பமுள்ளோர் வளர்த்துப் பார்க்கலாம். அதனை நாம் தடுக்கவில்லை. கல்லூரிச் சரிவை அதனிடம் ஒப்படைத்தலையே மறுக்கின்றோம்.

வெறுந்தரையின் கேடு மலைநாட்டுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டியைச் சூழ்ந்த காடுகள் கோப்பிக்காக வெட்டப்பட்டன. 1869இல் தோன்றிய இலை நோயினாற் கோப்பி அழிய, அந்நிலங்களைத் தேயிலை பிடித்தது. அக்காலத் தோட்டத்துரைமார், பயிரைத் தவிர ஒரு புல்லும் நில்லாது தரையை வழித்துவிடுதலே நல்ல தோட்டத்தின் அடையாளம் எனக் கருதினர். தமிழகத்தினின்றும் வந்த எம் முன்னோரின் கையிற் சுரண்டியைக் கொடுத்து அவ்வேலையைச் செய்வித்தனர். கட்டளையிட்டவர் வேறு, குனிந்து செய்தவர் வேறு, ஆற்றோடு போன மேன்மண்ணோ அனைவர்க்கும் உரியது. அந்த இழப்பை உணர்ந்தே 1951இல் மண் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று தோட்டங்களிற் பழைய தேயிலையைப் பிடுங்கி மீள நடுமுன் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ வளர்த்து மண்ணைத் தேற்றுகின்றனர். அன்று புல்லைப் பகையென்றவர் இன்று புல்லையே மருந்தென்கின்றனர்.

அழகுக்காக வந்த செடிகளாலும் நாம் பாடம் கற்றுள்ளோம். வெடேலியா என்னும் மஞ்சட்பூப் படர்கொடி அமெரிக்க வெப்ப நாடுகளைத் தாயகமாகக் கொண்டது. தரையை அழகுற மூடும் என்று பூந்தோட்டங்களிற் புகுத்தப்பட்ட அது, இன்று வேலி தாண்டி வாய்க்கால் ஓரங்களையும் வயல் வரம்புகளையும் கவ்வி, நம் சிறு மூலிகைகளை நெருக்குகின்றது. உலகின் மிகக் கொடிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூற்றுள் அதுவும் ஒன்றாக வைத்து எண்ணப்படுகின்றது. ஹந்தானை மலையில் நிற்கும் கரிபியன் பைன் மரங்களையும் நாம் அறிவோம். அவற்றின் காய்ந்த ஊசியிலைகள் கோடையில் எளிதில் தீப்பற்றுவன.

இவ்வாறு கூறுவதனால் அயல்நாட்டுச் செடி யாவும் ஆகா என்பது எமது கொள்கை எனக் கருதற்க. தேயிலையும் அயல்நாட்டதே, நாம் கொறிக்கும் கச்சானும் அயல்நாட்டதே. பைன் தோட்டத்தின் நிழலையே துணையாகக் கொண்டு சுதேச மரங்களை வளர்க்கலாம் என்பதைச் சிங்கராஜ வனத்தின் எல்லையிற் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் செய்து காட்டியுள்ளனர். ஒரு செடியை அதன் பிறப்பிடம் கொண்டன்றி, இந்நிலத்தில் அது செய்யும் தொழில் கொண்டே மதித்தல் முறை.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இங்கு ஒன்று நினைவுக்கு வருகின்றது. நம் முன்னோர் நிலத்தைப் பகுத்தபோது, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என அந்நிலத்து மரஞ்செடிகளின் பெயராலேயே வழங்கினர். நிலத்துக்கும் செடிக்கும் உள்ள உறவை இதனினும் சுருக்கமாகக் கூறல் இயலாது. மணமக்களை வாழ்த்தும்போது, ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றுக என்கின்றோம். பிள்ளையாருக்குச் சாத்தும் அந்த அறுகுதான் நம் கண்முன்னே காலில் மிதிபடும் மிகச் சிறந்த நிலப்போர்வை. அது தரைமேல் ஓடியும் தரைக்குள் ஓடியும் கணுதோறும் வேர்விடும். வெட்டினாலும் மிதித்தாலும் மீளத் தழைக்கும். விலை கொடுத்து வாங்க வேண்டாத காரணத்தால் மட்டும் அதன் மதிப்புக் குறைந்துவிடுமோ?

ஆயினும் அறுகுக்கு வெயில் வேண்டும். ஆகையாற் சரிவு முழுவதற்கும் ஒரே செடி என்னும் எண்ணத்தை விட்டு, இடத்துக்கேற்பப் பங்கிடுதல் நன்று. வெயில் படும் இடத்தில் அறுகு. நீர் கசியும் நிழற்பள்ளத்தில் வல்லாரை. மர நிழலில் கச்சான் இனத்தைச் சேர்ந்த, மஞ்சட் பூப் பூக்கும் படர்கொடி. இக்கொடி அவரையினத்தது ஆதலின் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்கும். பாத்தி மீறாமல் ஓரத்தை மட்டும் அவ்வப்போது வெட்டிவிடல் வேண்டும். மிகச் செங்குத்தான இடங்களிற் சமவுயரக் கோட்டின் வழியே வெட்டிவேரை வரிசையாக நடலாம். அதன் வேர் பக்கவாட்டிற் பரவாது கீழ்நோக்கி மூன்று மீற்றர் வரையும் இறங்க வல்லது. மேலே நெருங்கி நிற்கும் தாள்கள் ஓடிவரும் மண்ணைத் தடுத்து நிறுத்தும். சமவுயரக் கோட்டை அறியப் பெருங் கருவி வேண்டா. மூன்று தடிகளை ஆங்கில 'ஏ' எழுத்தின் வடிவிற் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றிற் கல்லொன்றைத் தொங்கவிட்டால், ஆறாம் வகுப்பு மாணவனும் அதனைக் குறித்துவிடுவான்.

ஒன்றை மறைக்காது கூறல் வேண்டும். எச்செடியும் மலைச்சரிவுப் பேரிடரை முற்றாகத் தடுத்துவிடாது. 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடிய கொடுமையையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டம் பட்ட துயரையும் நாம் மறத்தற்கில்லை. அத்தகைய சரிவுகள் வேர் எட்டாத ஆழத்திலிருந்து எழுவன. மலையடியை வெட்டுதலும், கான்களை அடைபட விடுதலும், மண்ணுள் மிகுந்து ஊறும் நீரும் அவற்றுக்குக் காரணங்களாகும். சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்புத் தோன்றினாலும், மரமோ கம்பமோ சாய்ந்தாலும், இல்லாத ஊற்றுத் திடீரெனப் பெருகினாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவித்து அவ்விடத்தை விட்டு விலகல் வேண்டும். புல் நட்டுவிட்டோம் என்னும் மனநிறைவு ஆபத்தை மறைக்கும் திரையாகிவிடலாகாது.

ஆதலின் எமது வேண்டுகோள் இதுவாகும். பழைய மாணவர் அளிக்கும் பணத்தில் ஒரு பகுதி முதலிற் கான்களைச் செப்பனிடச் செல்க. அடுத்த பகுதி, நாற்றுக்கும் நடுகைக்கும் மட்டுமன்றி இரண்டாண்டுப் பராமரிப்புக்கும் ஒதுக்கப்படுக. நட்ட மறுநாளே படம் பிடித்துக்கொண்டு கலைந்துவிட்டால் எந்தச் செடியும் பிழைப்பதில்லை. நடும் வேலையை மாணவரே செய்க. ஒவ்வொரு பாத்தியிலும் செடியின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்க. 1821ஆம் ஆண்டு தொட்டுச் செடிகளை வளர்த்துவரும் பேராதனைப் பூங்கா நமக்கு அண்மையில் இருக்கின்றது. அங்குள்ளோரிடம் ஆலோசனை பெறுக.

இப்பணியில் ஆரவாரம் இல்லை. கல்வெட்டுப் பதிக்க உயர்ந்த சுவரும் இல்லை. ஆயினும் பெருமழை பெய்த மறுநாள் நம் சரிவின் அடியில் ஓடும் நீர் செந்நிறம் குறைந்து தெளிவாக இருக்குமாயின், கீழே வாழும் குடும்பங்களின் முற்றத்தில் நம் மண் சென்று படியாதிருக்குமாயின், அதுவே யூபிலியின் பயன் எனக் கொள்வோம்.