கறிவேப்பிலைப் புழுவும் கண்ணாடிக்கூடத்து வண்ணத்துப்பூச்சியும்

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். கையில் பிரம்பு இல்லை, பயப்படாமல் படியுங்கள்.

இந்த லீவில் என் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த வண்ணத்துப்பூச்சிப் படங்களுக்குக் கணக்கே இல்லை. பாதி சாங்கி விமான நிலையம், மீதி ஸ்ரீரங்கம். சாங்கி மூன்றாம் முனையத்துத் தோட்டம் 2008-இல் வந்தது. நம்முடையது 2015-இல், மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 25 ஏக்கரில். அதிலும் உள்ளரங்கக் கூடம் உண்டு. இரண்டுமே நல்ல இடங்கள், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

படத்துக்குக் கீழே "மிக அருகில் எடுத்தது, பொறுமையின் பரிசு" என்று போடுகிறீர்களே, அதோடுதான் என் சண்டை. என்ன பொறுமை? மூடிய கூடம், நறுக்கி வைத்த பழம். உறிஞ்சுகுழலை நீட்டிச் சாறு குடிக்கிற பூச்சி லேசில் நகராது. லென்ஸில் படிந்த ஆவியைத் துடைத்ததுதான் உங்கள் உழைப்பு. அதுகூடப் போகட்டும். இறக்கை விரியவில்லை என்று ஊதுவதும், கிளையை ஆட்டுவதும், விரலில் உட்கார வைக்க இறக்கையைப் பிடிப்பதும் எந்த ஊர்க் கலை? விரலில் ஒட்டுகிற பொடி மகரந்தம் இல்லை, இறக்கையின் செதில். உதிர்ந்தால் திரும்ப முளைக்காது. வகுப்பில் படம் போட்டுச் சொன்னேன், பின்வரிசை தூங்கியிருக்கும்.

இதே ஆட்கள்தான் ஊருக்குத் திரும்பியதும் "கறிவேப்பிலைச் செடி முழுக்கப் புழு, மருந்து அடிக்கச் சொல்லுங்கள்" என்று குடியிருப்புக் குழுவில் போடுகிறார்கள். மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஓர் அடுக்ககத்தில் போன மாதம் அப்படித்தான் அடித்தார்கள். அடிக்கச் சொன்னவரின் முகப்புப் படம் எது தெரியுமா? வண்ணத்துப்பூச்சி!

அடே, அந்தப் புழுதான் இந்தப் பூச்சி. கறிவேப்பிலை அழகி என்று பெயரே இருக்கிறது. தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டி ருசி பார்த்து, இது நம் செடிதான் என்று தெரிந்த பிறகே முட்டை வைக்கும். குட்டிப் புழு பறவை எச்சம் போலவே இருக்கும், குருவியை ஏமாற்ற. பெரிதானால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாய் ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். இதை எந்தக் கூடத்தில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பீர்கள்? ரசத்துக்கு நாலு இலை குறையும், அவ்வளவுதானே நஷ்டம்?

"சென்னையில் எங்கே டீச்சர் பூச்சி?" என்பீர்கள். லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை வெயில் ஏறும்போது நின்று பாருங்கள். இறக்கையை விரித்துக் குளிர் காயும், அப்போது எடுங்கள். தி.நகரிலோ அடையாற்றிலோ காலி மனையில் எருக்கு நின்றால் இலைக்கு அடியில் குனிந்து பாருங்கள், வெந்தய வரியனின் புழு இருக்கலாம். அந்த எருக்கம்பாலின் விஷம் உடம்பில் சேர்வதால்தான் பறவைகள் அதைத் தொடுவதில்லை.

என் மொட்டை மாடித் தொட்டியில் இன்றைக்கு மூன்று புழு. ஒன்று கூட்டுப்புழுவாகிவிட்டது, இன்னும் பத்து நாள் போல ஆகும். பார்க்க வருகிறவர்கள் காலையில் வாருங்கள், காபி உண்டு. ஃப்ளாஷ் மட்டும் கூடாது.