மலையில பார்த்தீங்களே, ஏரிக்கரையில பார்த்தீங்களா?

ஊட்டிக்குப் போற பட்டணத்துக்காரங்க பூங்கா, படகு, சாக்லேட்டுன்னு முடிச்சிட்டுத் திரும்பிடறாங்க. கொஞ்சப் பேர்தான் முத்தோரை பாலாடாவுல இருக்கிற பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்துக்குப் போறாங்க. நானும் போனேன். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய மலைமக்களோட புழங்குபொருள், போட்டோ, மாதிரிக் குடிசை எல்லாம் இருக்கு. பார்க்க வேண்டிய இடம்தான். குறை, பார்க்கிற நம்ம கண்ணுல இருக்கு.

பக்கத்துல நின்னவர் தன் பிள்ளைகிட்ட, "அந்தக் காலத்துல இப்படியும் மனுஷங்க இருந்தாங்க"ன்னார். எந்தக் காலத்துல சார்? தோடர் பெண்கள் சிவப்பு, கறுப்பு நூல்ல போடற பூவேலைக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. எங்க காஞ்சிப் பட்டுக்கும் அதே குறியீடுதான். பட்டு நெய்யறவரை யாராவது 'அந்தக் காலத்து மனுஷன்'னு சொல்றோமா?

இருளர் விஷயம் இன்னும் கிட்ட. அவங்க நீலகிரியில மட்டும் இல்லீங்க, எங்க காஞ்சிபுரம் பக்கத்து ஏரிக்கரையிலயும் இருக்காங்க. நெல்லு முத்தறப்போ எலி கதிரை வெட்டி வளைக்குள்ள சேர்க்கும். விஷம் வச்சா, செத்த எலியைத் தின்னு ஆந்தையும் சாகும். இருளர் ஒருத்தர் வந்தா, வரப்பைப் பார்த்தே எந்த வளையில எலி இருக்குன்னு சொல்லிடுவார். பானையில புகை போட்டு வளைக்குள்ள ஊதி, தோண்டிப் பிடிச்சிடுவார்.

1978-ல தொடங்கின வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் சங்கம் எடுக்கிற விஷத்துலேர்ந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகுது. வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இதுவா அந்தக் காலம்?

ஆனா எங்க பக்கத்துல எத்தனையோ இருளர் குடும்பத்துக்கு மனைப்பட்டா இல்ல. பிள்ளையைப் படிக்க வைக்க இனச் சான்றிதழுக்கு நடையா நடக்கறாங்க. மரம் வெட்டுற இடத்துலயும் அரிசி ஆலையிலயும் கொத்தடிமையாக் கிடந்து மீட்கப்பட்டவங்களும் உண்டு. காட்சிக்கு வைக்கிறப்போ பழங்குடி. சான்றிதழ் கேட்டா மட்டும் ஆதாரம் கேக்கறோம்.

எங்க நிலத்துக்கு வர்றவர்கிட்ட அந்த அருங்காட்சியகத்தைப் பத்திச் சொன்னேன். "அங்க இருக்கறவங்களுக்கு சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டாங்களாண்ணா?"ன்னு கேட்டார்.

மியூசியம் வேணாங்கல. மாதிரிக் குடிசையை ஒழுகாமப் பராமரிக்கிற அரசாங்கம், ஏரிக்கரையில ஒழுகற நிஜக் குடிசைக்கும் ஒரு பட்டா குடுக்கட்டும். நீங்களும் அடுத்த தடவை பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா, "இருந்தாங்க"ன்னு சொல்லாதீங்க. "இருக்காங்க"ன்னு சொல்லுங்க.